விளிம்பை முதலில் படியுங்கள்: வீட்டில் கிடைத்த பீரங்கிப்படைப் பதக்கத்தை அறிவதும் பேணுவதும்

அப்பப்பாவின் றங்குப்பெட்டியில் காணி உறுதி, சாதக ஓலை, பென்சன் புத்தகம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு துணிமுடிச்சு இருக்கும். அவிழ்த்தால் கறுத்துப்போன வட்ட வெள்ளி ஒன்று, நைந்த நீல றிபனோடு வரும். வீட்டில் யாராவது உடனே திருநீற்றைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்குவார்கள். வெள்ளிச் செம்புக்கும் குங்குமச் சிமிழுக்கும் அது பழகிய வேலை. பதக்கத்துக்கு அதைச் செய்ய வேண்டாம். இதே முகமும் இதே பின்புறமும் கொண்ட பதக்கங்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டன. உங்கள் வீட்டுப் பதக்கத்தை மற்றவற்றிலிருந்து பிரிப்பது விளிம்பில் உள்ள ஒரு வரி எழுத்து மட்டுமே. ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

ஆகவே வரிசை இது: படிப்பது, படம் எடுப்பது, தேடுவது, பேணுவது. துலக்குவது இந்த வரிசையில் இல்லவே இல்லை.

வீரத்துக்கா, சேவைக்கா?

யாழ்ப்பாணத்து வீடுகளில் "வீரப் பதக்கம்" என்று சொல்லி வைத்திருப்பவற்றில் பெரும்பங்கு போர்ச்சேவைப் பதக்கங்கள்தான். அவை குறிப்பிட்ட களத்தில், குறிப்பிட்ட காலம் பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தவை. அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால் பின்பு செய்யும் தேடல் முழுக்கப் பிழைத்துவிடும்.

பீரங்கிக் குழுவில் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கும் சார்ஜன்றுக்கும் களத்து வீரத்துக்காகக் கிடைத்த பிரித்தானியப் பதக்கங்களில் அதிகம் காணப்படுவது மிலிற்றறி மெடல். 1916 மார்ச் 25இல் ஏற்படுத்தப்பட்டு 1993இல் நிறுத்தப்பட்டது. வட்டமான வெள்ளி, விட்டம் 36 மில்லிமீற்றர். முன்புறம் அரசரின் உருவம். பின்புறம் இலைமாலைக்குள் நான்கு வரியில் 'ஃபோர் பிறேவரி இன் த ஃபீல்ட்' என்ற ஆங்கில வாசகம், அதற்கு மேலே அரச முத்திரையெழுத்தும் கிரீடமும். றிபன் கருநீலம், நடுவில் ஐந்து மெல்லிய கோடுகள்: வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. றிபனில் ஒரு வெள்ளிப் பட்டை ஏறியிருந்தால், அதே பதக்கம் இரண்டாம் முறையும் கிடைத்தது என்று பொருள்.

அதற்கு ஒரு படி மேலானது டிஸ்ரிங்விஷ்ட் கொண்டக்ற் மெடல். 1854இல் தொடங்கியது. றிபன் கருஞ்சிவப்பு, நடுவே கருநீலப் பட்டை. 1993 வரை அதிகாரிகளுக்குரியதாக இருந்தது மிலிற்றறி குறொஸ்: சிலுவை வடிவம், வெள்ளை – ஊதா – வெள்ளை றிபன். இந்தச் சிலுவையில் அக்காலத்தில் அரசு பெயர் பொறித்துக் கொடுக்கவில்லை. 1930களின் பிற்பகுதியிலிருந்து பின்பக்கக் கீழ்க்கையில் ஆண்டு மட்டும் வெட்டப்பட்டது. பெயர் இல்லையே என்று அதைப் போலி எனத் தள்ளிவிடாதீர்கள்.

இனி, வீரப் பதக்கம் என்று மயங்க வைப்பவை. ஆறு முனை நட்சத்திரங்கள், உதாரணமாக 1939–45 ஸ்ரார், பேர்மா ஸ்ரார், எல்லாம் செம்புக் கலவையில் செய்த சேவைப் பதக்கங்கள். செம்மஞ்சள் நடுவும் பச்சைக் கரையும் கொண்ட றிபனில் தொங்குவது டிஃபென்ஸ் மெடல். முதலாம் உலகப் போரின் வானவில் றிபன் விக்ரறி மெடலுக்குரியது. ஆனால் நட்சத்திரத்தையோ வானவில்லையோ சேவைப் பதக்கம்தானே என்று ஒதுக்க முன்னர் றிபனைக் கூர்ந்து பாருங்கள். முதலாம் போரின் விக்ரறி மெடல் றிபனிலோ, இரண்டாம் போரின் வோர் மெடல் றிபனிலோ சிறிய வெண்கல ஓக் இலை தைத்திருந்தால், அந்த மனிதரின் பெயர் தளபதியின் அறிக்கையில் குறிக்கப்பட்டிருக்கிறது. அது பதக்கமல்ல, ஆனாலும் தேடவேண்டிய ஒன்று.

இலங்கையில் இன்னொன்றும் அடிக்கடி கிடைக்கும்: முட்டை வடிவ வெள்ளிப் பதக்கம், மஞ்சள் கரை வைத்த பச்சை றிபன், தொங்கும் பட்டையில் 'சிலோன்' என்ற சொல். இது 1930இல் ஏற்படுத்தப்பட்ட எஃபிஷன்சி மெடல். பன்னிரண்டு ஆண்டுத் தொண்டர்படைச் சேவைக்கு உரியது, போர்க்காலச் சேவை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டது. 'சிலோன்' என்று கண்டதும் நம்மவருக்கு எங்கோ களத்தில் கொடுத்த வீரப் பதக்கம் என்று கதை கட்டிவிட வேண்டாம்.

விளிம்பைப் படித்தல்

பகல் வெளிச்சத்தில் விளிம்பு தெரியாது. அறையை இருட்டாக்கி, கைத்தொலைபேசியின் ரோச் ஒளியை விளிம்புக்கு மிகச் சாய்வாக, ஏறத்தாழ மேசையோடு மேசையாகப் பிடியுங்கள். பதக்கத்தை ஒரு சுத்தமான பருத்தித் துணிச் சுருளில் நிறுத்தி, எட்டுப் படங்களாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசி இரண்டு எழுத்துகள் வரவேண்டும். பென்சில் தேய்த்துப் படி எடுப்பது, சுண்ணாம்புத்தூள் அப்புவது, மாவைப் பூசிப் பார்ப்பது எல்லாம் எழுத்துக்குழிக்குள் தூளை அடைத்துவிடும்.

படிக்கும்போது வரும் ஒழுங்கு: படை இலக்கம், தரம், பெயர், பிரிவு. பீரங்கிப்படைக்குரிய சுருக்கங்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 'ஜி.என்.ஆர்.' என்றால் கன்னர், பீரங்கிப்படையின் சாதாரணச் சிப்பாய். 'டி.வி.ஆர்.' ட்றைவர். முதலாம் போரில் ட்றைவர் ஓட்டியது லொறியை அல்ல, பீரங்கியை இழுத்த குதிரைகளை. 'பி.டி.ஆர்.' அல்லது 'பி.எம்.பி.ஆர்.' பொம்பார்டியர். 1920க்கு முன்னர் பொம்பார்டியருக்குக் கையில் ஒரு கோடுதான், அவருக்கு மேலே கோப்ரல் என்ற தரம் இருந்தது. அந்த ஆண்டில் பீரங்கிப்படையில் கோப்ரல் தரம் நீக்கப்பட்டு, பொம்பார்டியர் இரண்டு கோட்டுக்கு உயர்ந்தார். வீட்டில் உள்ள சீருடைப் படத்தில் கோடுகளை எண்ணும்போது இதை நினைவில் வையுங்கள்.

பிரிவு எழுத்துகள் காலத்தையே சொல்லிவிடும். 'ஆர்.எஃப்.ஏ.' (றோயல் ஃபீல்ட் ஆட்டிலறி), 'ஆர்.ஜி.ஏ.' (றோயல் கறிசன் ஆட்டிலறி) என்று இருந்தால் பதக்கம் 1924க்கு முந்தியது. அந்த ஆண்டில் இரண்டும் ஒன்றாகி 'ஆர்.ஏ.' (றோயல் ஆட்டிலறி) ஆகிவிட்டன. 'ஆர்.எச்.ஏ.' குதிரைப் பீரங்கிப்படை. 'ஆர்.ஜி.ஏ.' என்பது கோட்டைக் காவல் மட்டும்தான் என்று சிலர் நினைப்பதுண்டு. முதலாம் போரில் பிரான்சில் கனரகப் பீரங்கிகளை இயக்கியவர்களும் அவர்களே.

'சி.ஜி.ஏ.' என்றோ சிலோன் கறிசன் ஆட்டிலறி என்றோ கண்டால், அது 1888இல் சிலோன் ஆட்டிலறி தொண்டர்படையாகத் தொடங்கிய நம் நாட்டுப் பிரிவு. அது கொழும்பிலும் திருகோணமலையிலும் கரையோரப் பீரங்கிகளோடு மட்டும் நின்றதல்ல. இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் ஆறு அங்குலப் பீரங்கிகளைக் காத்ததும் இப்பிரிவின் ஆட்கள்தான். 1942 மே 8 இரவு அங்கே அவர்களில் சிலர் கலகம் செய்து, அவ்வாண்டு ஓகஸ்றில் மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். வீட்டில் "கொக்கோசில் நின்றவர்" என்ற பேச்சு இருந்தால் அதை வைத்துக்கொண்டு பதக்கக் கதையைப் புனையாமல், முதலில் ஆண்டைப் பிடியுங்கள்.

எழுத்து உண்மையானதா என்று பார்க்க நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும். அரசு பொறித்தது அச்சால் அடித்த எழுத்து: குழியின் அடி தட்டையாக, எழுத்தின் ஓரம் சற்றே பிதுங்கி இருக்கும். பின்னாளில் கையால் வெட்டியது 'வி' வடிவ வாய்க்காலாக ஒளிரும். அடுத்து வேணியர் கலிப்பரால் விட்டத்தை நாலு திசையிலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 36 மில்லிமீற்றருக்குத் தெளிவாகக் குறைந்தால், பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதிய பெயர் போட்டிருக்கலாம். இரண்டாம் போரின் நட்சத்திரங்களும் வோர் மெடலும் டிஃபென்ஸ் மெடலும் பிரித்தானியப் படைக்குப் பெயர் இல்லாமலே வந்தன, இந்தியப் படைக்கு வந்தவற்றில் பெயர் உண்டு. ஆகவே பெயரில்லாத நட்சத்திரத்தைக் கொண்டு எவரையும் அடையாளம் காண இயலாது. அதோடு வந்த கடிதமோ உறையோ மட்டுமே சான்று.

பெயர்களில் வரும் சிக்கல்

இங்கேதான் யாழ்ப்பாணத்து ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. படையில் சேரும்போது எழுதுவினைஞர் தகப்பன் பெயரையோ சொந்தப் பெயரையோ தனக்கு வாய்த்தபடி கடைசிப் பெயராக எழுதிக்கொண்டார். சின்னத்தம்பி என்ற பெயர் ஆங்கிலத்தில் 'எஸ்' எழுத்திலும் தொடங்கும், 'சி' எழுத்திலும் தொடங்கும். முடிவில் 'ஐ'யும் வரும், 'வை'யும் வரும். மலாயாவில் றெயில்வேக்குப் போய் அங்கிருந்து தொண்டர்படையில் சேர்ந்தவர்களுக்கு இன்னொரு எழுத்து முறை இருக்கக்கூடும். பெயரை ஆறேழு விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். அதைவிடச் சிறந்தது படை இலக்கத்தால் தேடுவது. இலக்கம் ஒலிபெயர்ப்புக்கு ஆட்படாது.

ஊர்ச் சான்றுகளில் முதலில் பார்க்கவேண்டியது அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம். அதில் பிறந்த ஆண்டு, படித்த பள்ளி, பார்த்த உத்தியோகம் எல்லாம் இருக்கும். ஆனால் கல்வெட்டு எழுதுகிறவர் செத்தவரைப் புகழத்தான் உட்காருகிறார். "போர்முனையில் பதக்கம் பெற்ற பெருந்தகை" என்பதை ஒரு துப்பாக வையுங்கள், ஆதாரமாக வேண்டாம். பழைய யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் பல யாழ் பொது நூலகத்தோடு 1981இல் எரிந்தன. எஞ்சியவற்றில் கணிசமானவற்றை நூலகம் என்ற எண்ணிமத் தளத்தில் பார்க்கலாம். இலங்கை அரச வர்த்தமானிகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேண்டும்.

இலண்டன் பதிவுகளில் தேடல்

பிரித்தானிய வீரப் பதக்கங்கள் அந்நாட்டு அரச வர்த்தமானியான இலண்டன் கசற்றில் அறிவிக்கப்பட்டன. அதன் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய அச்சைக் கணினி படித்ததில் பிழைகள் ஏராளம். பெயர் அகப்படாவிட்டால் இலக்கத்தை மட்டும் போட்டு, கால எல்லையை ஓராண்டுக்குக் குறுக்கிப் பாருங்கள். அறிவிப்பு நாளைச் செயல் நடந்த நாள் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நேரும் தவறு. இடையில் பல மாதங்கள் கழிந்திருக்கும்.

முதலாம் போரில் மிலிற்றறி மெடல் 1,15,000க்கு மேல் வழங்கப்பட்டது. அவற்றுக்குக் கசற்றில் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான் உண்டு, என்ன செய்தார் என்ற குறிப்பு இல்லை. அப்படியானால் இலண்டன் கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 372 என்ற பதக்க அட்டைகளில் தொடங்கி, டபிள்யூ.ஓ. 95 என்ற களநாட்குறிப்புகளுக்குப் போங்கள். தனிநபர் சேவைக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்தன. கோப்பு கிடைக்கவில்லை என்பதற்காக ஆள் படையில் இருக்கவில்லை என்று ஆகாது.

இரண்டாம் போருக்கு நிலைமை எவ்வளவோ மேல். டபிள்யூ.ஓ. 373 தொடரில் பரிந்துரைப் படிவங்களே உள்ளன, பெயரால் தேடலாம். இலக்கம், தரம், பிரிவு, களம், கசற் நாள் எல்லாம் பட்டியலிலேயே தெரியும். தென்கிழக்காசியக் களத்து நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 172, மத்திய கிழக்குக் களத்தவை டபிள்யூ.ஓ. 169. இரண்டாம் போர்க்காலச் சேவைக் கோப்புகள் 2022 முதல் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து கட்டம் கட்டமாக இந்தக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. கேட்டு எழுதமுன் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படிவம் கைக்கு வந்ததும் பதக்கப் பெயர் எழுதிய கட்டத்தை உற்றுப் பாருங்கள். மேலான பதக்கம் ஒன்றைக் கேட்டு எழுதி, அதை வெட்டிவிட்டு மேலிடம் 'எம்.எம்.' (மிலிற்றறி மெடல்) என்று மாற்றியிருப்பதுண்டு. நேரில் கண்டவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பது அந்த வெட்டுக்கோட்டில்தான் தெரியும்.

செயலைப் படிக்க, பீரங்கிக் குழுவின் இலக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் போரில் 25 இறாத்தல் குண்டு எறிந்த பீரங்கிக்கு ஆறு பேர். ஒன்றாம் இலக்கத்தவர் குழுத்தலைவர், பொதுவாக சார்ஜன்ற். இரண்டாமவர் பின்பூட்டைத் திறந்து மூடி, குண்டை உள்ளே இடிப்பவர். மூன்றாமவர் குறி வைப்பவர். நான்காமவர் குண்டை ஏற்றுபவர். ஐந்தாமவரும் ஆறாமவரும் குண்டும் வெடிமருந்தும் தயார் செய்து கொடுப்பவர்கள், அதில் ஆறாமவர் தலைவருக்கு அடுத்த பொறுப்பு. "மூன்றாம் இலக்கத்தவர் விழுந்ததும் இவர் அந்த இடத்துக்குப் போனார்" என்று படிவத்தில் இருந்தால், கூடுதல் வேலை பார்த்தார் என்பது மட்டுமல்ல அதன் பொருள். குறி வைப்பவர் இல்லாத பீரங்கி வெறும் இரும்பு. அந்த நிமிடத்தில் பீரங்கியை உயிரோடு வைத்திருந்தவர் அவர் என்பதுதான் எழுதியவர் சொல்ல வந்தது.

பீரங்கிப்படையில் பதக்கம் வந்த செயல்கள் பெரும்பாலும் சத்தமில்லாதவை: எதிரியின் செல் விழுந்துகொண்டிருக்கையில் அறுந்த தொலைபேசிக் கம்பியைத் தேடிப் போய்த் திரும்பத் திரும்ப முடிந்து இணைப்பது, தீப்பிடித்த வெடிமருந்துக் குழியை மண்போட்டு அணைப்பது, குதிரை விழுந்த பின்பும் குண்டுப் பெட்டியைக் கொண்டுசேர்ப்பது. கைகலப்பாகப் போனது அரிது. அப்படி நடந்ததற்கு நம் பக்கத்து உதாரணம் இந்தியப் பீரங்கிப்படையின் ஹவில்தார் (சார்ஜன்றுக்கு இணையான தரம்) உம்றாவ் சிங். 1944 டிசம்பர் 15–16இல் பேர்மாவின் காலடான் பள்ளத்தாக்கில், ஜப்பானியர் பீரங்கி வரை வந்துவிட்ட நிலையில், இரும்புத் தண்டு ஒன்றைக் கையில் எடுத்து நின்றார். ஏழு பலத்த காயங்களோடு, சுற்றிலும் பத்து எதிரிகளின் உடல்களோடு அவரைக் கண்டெடுத்தார்கள். பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்ரோறியா குறொஸ் கிடைத்தது. பிற்காலத்தில் அதை விற்கச் சொல்லிப் பலர் கேட்டும் அவர் விற்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆட்டிலறி என்றால் நாம் அறிந்தது செல் விழும் பக்கத்தைத்தான். குழாய்க்குப் பின்னால் நின்றவரின் தாளைப் படிக்கும்போது மனம் இரண்டுபடும். அது இயல்பு. தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி வையுங்கள், கூட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

வெள்ளியையும் றிபனையும் பேணல்

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். அந்தக் கறுப்புப் படலம் ஓரளவுக்குப் பாதுகாப்பும்கூட. திருநீறு, சாம்பல், பற்பசை எல்லாம் அரம் போலத் தேய்ப்பவை. புளியும் தேசிக்காயும் அமிலம். கடையில் விற்கும் முக்கியெடுக்கும் திரவம் கறுப்போடு மேல் வெள்ளியையும் கொஞ்சம் எடுக்கும். அலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் போட்ட வெந்நீர் வித்தை கறுப்பை நீக்கும், ஆனால் எழுத்துகளின் நிழலையும் நீக்கிவிட்டு உயிரற்ற மங்கல் வெள்ளையை விட்டுப்போகும்.

கைவியர்வையும் எண்ணெயும் படிந்திருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். றிபனைக் கழற்றுங்கள். அரை லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான திரவச் சவர்க்காரம். பஞ்சால் ஒற்றி, வேறு நீரில் இரண்டு முறை அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் விடுங்கள். கிணற்று நீர் கூடாது. நம் சுண்ணாம்புக்கல் நிலத்து நீர் காய்ந்ததும் வெள்ளைப் படிவு விடும், கரையோரக் கிணறுகளில் உப்பு வேறு.

1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது வளவில் புதைத்துவிட்டுப் போய்ப் பின்பு தோண்டி எடுத்த வெள்ளியில், சாம்பலும் ஊதாவும் கலந்த மெழுகு போன்ற பொருக்கு இருக்கலாம். அது மண்ணிலுள்ள உப்போடு சேர்ந்து உருவான வெள்ளிக் குளோரைட்டு. எழுத்து அந்தப் பொருக்குக்குள்ளேயே இருக்கும், சுரண்டினால் எழுத்தும் போய்விடும். அதை நூதனசாலைப் பேணுநரிடம் விடுங்கள். இன்னும் தோண்டி எடுக்கவில்லை என்றால், மண்வெட்டிக்கு வேறு இரும்பு எது தட்டுப்பட்டாலும் அத்தோடு நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள். பூச்சாடியாக வைக்கலாம் என்று பழைய பித்தளைச் செல் கோதையும் எடுத்து வர வேண்டாம்.

றிபன் பட்டு என்றால் கழுவாதீர்கள், சிவப்பு கசிந்து வெள்ளைக் கோட்டில் ஏறும். பூச்சி இருந்தால், பதக்கத்திலிருந்து கழற்றிய காய்ந்த றிபனை மட்டும் இறுக்கி மூடும் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி வைத்து, உறைகுளிரில் இரண்டு வாரம் விடுங்கள். எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் முழுதும் அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்க்கும். மாற்று றிபன் போட விரும்பினால் 32 மில்லிமீற்றர் அகலம் கேளுங்கள், பழையதை எறியாமல் தனி உறையில் வையுங்கள்.

பெட்டிக்குள் றப்பர் பான்ட், செய்தித்தாள், கம்பளித் துணி, பீ.வி.சி. உறை எதுவும் இருக்கக் கூடாது. முதல் மூன்றும் கந்தகத்தைக் கக்கும், கடைசியானது ஒட்டும் பச்சைக் கசடை விடும். அமிலமில்லாத தாளில் சுற்றி, பொலியெதிலின் பையில் இட்டு, மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். பிஸ்கற் பேணி அளவுப் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை நிறத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் 110 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மீளப் போடலாம். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. புழுதியில் உள்ள மணல் துலக்குத்தூளுக்குச் சமம்.

சுவரில் மாட்ட ஆசைப்படுவோருக்கு: நகல் ஒன்றைச் செய்வித்து மாட்டுங்கள். பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலுமாக இருந்து, பதக்கம் யாருக்கு என்று பிணக்குப்படுகிற வீடுகளுக்கும் இதுதான் வழி. ஆளுக்கொரு நகல், மூலம் ஓரிடத்தில், ஆவணப் படிகள் எல்லோரிடமும். நகலின் விளிம்பில் நகல் என்று பொறிக்கச் சொல்லுங்கள். நினைவு நாளில் அணிவதானால் பேரப்பிள்ளைகள் வலது மார்பில் அணிவதே பிரித்தானிய வழக்கம். இடது மார்பு பெற்றவருக்கு மட்டும் உரியது.

கஸ்தூரியார் வீதிக்கு எடுத்துப் போனால் வெள்ளியின் நிறைக்குத்தான் விலை சொல்வார்கள், அது அவர்கள் தொழில். சங்கிலியில் கோக்க வளையம் ஒட்டித் தரச் சொன்னால் ஒட்டியும் தருவார்கள். அந்தச் சூட்டில் விளிம்பின் இரண்டு எழுத்து உருகினால் திருப்பி எழுத ஆளில்லை. விற்கத்தான் வேண்டும் என்றால் சேவைப் பதக்கங்கள், வீரப் பதக்கம், கடிதம், படம் எதையும் பிரிக்காமல் ஒரே தொகுதியாக, விளிம்புப் படங்களோடு வெளிநாட்டுப் பதக்க ஏலக்காரரிடம் விலை கேளுங்கள்.